ஸ்டியரிங் ஆடினால் முதலில் ஸ்டியரிங் பெட்டியைத் தொடாதீர்கள்

ஸ்டியரிங்கை நான்கு விரல் அளவு திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. நேரான சாலையிலும் வண்டி இடமும் வலமுமாக அலைகிறது. சின்னப் பள்ளத்தில் ஏறி இறங்கினால் முன்பக்கமே உதறுகிறது. உங்கள் பழைய காரில் இவற்றில் ஒன்று இருந்தாலும், "பழைய வண்டின்னா அப்படித்தாங்க இருக்கும்" என்று யாராவது உங்களைத் தேற்றியிருப்பார்கள். நம்பாதீர்கள். புதிதாக வந்த நாளில் அந்த வண்டி அப்படி ஓடவில்லை. நடுவில் எங்கோ தேய்ந்திருக்கிறது. தேய்ந்ததை மாற்றலாம்.

எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம்? உதாரணத்துக்கு ஃபோர்டு மாடல் ஏ காரை எடுத்துக்கொள்கிறேன். 1927 கடைசியில் அறிமுகமாகி, சுமார் நான்கு ஆண்டுகளில் 48 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி இது. ஃபோர்டின் கனடா நிறுவனம் 1926-இல் இந்தியாவில் ஒரு கிளை நிறுவனத்தைத் தொடங்கியது. வலப்பக்க ஸ்டியரிங் வைத்த வண்டிகள் அந்த வழியாக இங்கே வந்தன. மாடல் ஏ-யைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம், அதன் முன்பக்கத்தில் எதுவும் மறைந்திருக்காது. குனிந்து பார்த்தால் எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரியும். அதன் பாகங்களை அமெரிக்காவில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

"என்னிடம் இருப்பது பழைய அம்பாசடர். எனக்கு இது உதவுமா?" பாதி உதவும். அம்பாசடரின் முன்பக்கத்தில் குறுக்காக ஓடும் ஒற்றை ஆக்சில் கிடையாது. இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், ஸ்டியரிங்கும் பல் சட்ட வகை. ஆனால் அங்கேயும் சக்கரம் ஓர் ஊசியைச் சுற்றித்தான் திரும்புகிறது, கிரீஸ் வற்றினால் தேய்கிறது. கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

சரி, முன்பக்கத்தில் என்னென்ன இருக்கிறது? இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை குறுக்கே ஒரே துண்டாக ஓடும் இரும்பு உத்தரம்தான் ஆக்சில். அது திரும்பாது. அதன் இரு முனையிலும் ஒரு துளை இருக்கும். அந்தத் துளையில் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்பது கிங்பின் (சக்கரம் இடவலமாகத் திரும்புவதற்கான எஃகு ஊசி). கிங்பின்னைச் சுற்றித் திரும்புவது ஸ்டப் ஆக்சில் (சக்கரத்தைத் தாங்கும் குட்டை அச்சு). இரண்டுக்கும் நடுவே, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக புஷ் (தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொள்ளும் வெண்கலக் குழல்) இருக்கும்.

உங்கள் கை திருப்புவது சக்கரத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? ஸ்டியரிங் தண்டு கீழே ஒரு பெட்டிக்குள் போகிறது. அதற்குள் ஒரு திருகுப் பல்லும் அதோடு கடிக்கும் விசிறிப் பல்லும் இருக்கின்றன. பெட்டியிலிருந்து வெளியே தொங்கும் கை பிட்மேன் ஆர்ம். அது டிராக் லிங்க்கை (பெட்டியையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு) இழுக்கிறது, தள்ளுகிறது. டிராக் லிங்க் ஒரு பக்கத்து ஸ்டப் ஆக்சிலைத் திருப்ப, அங்கிருந்து டை ராடு (இரு சக்கரத்தையும் சேர்த்துக் கட்டும் குறுக்குத் தண்டு) மறுபக்கச் சக்கரத்தையும் திருப்புகிறது. இந்தத் தண்டுகளின் நான்கு முனையிலும் ஓர் இரும்புக் குண்டும் அது உட்காரும் கிண்ணமும் உண்டு.

இன்னும் ஒன்று இருக்கிறது, பலரும் அதை மறந்துவிடுகிறார்கள். ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ளும் விஷ்போன் (கவட்டை வடிவக் கம்பி). அதன் இரு கால்கள் ஆக்சிலில் மாட்டியிருக்கும். பின்முனை ஒரு குண்டாக முடிந்து, கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். நான்கு புஷ், நான்கு குண்டு, ஒரு விஷ்போன் குண்டு, சக்கர பேரிங்குகள், பெட்டிக்குள் இரண்டு மூன்று இடம். ஒவ்வொன்றும் கொஞ்சம் தேய்ந்தால் போதும், தனித்தனியாகப் பார்த்தால் "பரவாயில்லை" என்றுதான் தோன்றும். மொத்த ஆட்டமும் கூடிக்கொண்டு வந்து உங்கள் கையில்தான் சேரும்.

அந்தக் கூட்டல் எவ்வளவு பெரிது? மாடல் ஏ-யில் ஸ்டியரிங்கை 11 முதல் 13 டிகிரி திருப்பினால்தான் பிட்மேன் ஆர்ம் ஒரு டிகிரி நகரும். ஆரம்பகால ஏழு பல் பெட்டியில் 11-ஐ ஒட்டியும், பிற்பாடு வந்த இரண்டு பல் பெட்டியில் 13-ஐ ஒட்டியும் இருக்கும். கனமான சக்கரத்தைக் கைவலிமையால் திருப்ப வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். கீழே ஒரு டிகிரி ஆட்டம் இருந்தால், சுமார் 17 அங்குல ஸ்டியரிங்கின் விளிம்பில் அது ஒன்றரை அங்குலத்துக்கு மேல் தெரியும்.

இங்கேதான் பெரும்பாலான வண்டிகளைக் கெடுக்கிறார்கள். ஆட்டம் கையில் தெரிவதால், கைக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டியரிங் பெட்டியை முறுக்கி டைட் வைத்துவிடுகிறார்கள். ஆட்டம் குறைந்தது போல இருக்கும். ஆனால் குண்டுகளும் கிங்பின்னும் தேய்ந்தபடியே இருக்கும். பெட்டிக்குள் பல்லும் பல்லும் நெருக்கி அரைக்கும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றுவிடும். லூசான ஸ்டியரிங்கைவிட இப்படித் திரும்பி வராத ஸ்டியரிங் ஆபத்து. அதனால் சக்கரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி வாருங்கள், பெட்டியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி எதுவும் வேண்டாம், இன்னொரு ஆள் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும். அவர் ஸ்டியரிங்கைச் சின்னதாக இடமும் வலமும் மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் கீழே பார்த்து, ஒவ்வோர் இணைப்பின் மீதும் உள்ளங்கையை வையுங்கள்.

முதலில் பிட்மேன் ஆர்ம். ஸ்டியரிங் அசைந்தும் அது அசையவில்லையென்றால் ஆட்டம் பெட்டிக்குள் இருக்கிறது. அது அசைகிறது, டிராக் லிங்க் அசையவில்லை என்றால் நடுவிலுள்ள குண்டில் இருக்கிறது. இப்படியே தண்டு தண்டாகப் போங்கள். குண்டும் கிண்ணமும் தேய்ந்த இடத்தில், ஒரு பாதி நகர்ந்து அடுத்த பாதி காத்திருப்பது உள்ளங்கையில் 'டக்' என்று தெரியும். கண்ணைவிடக் கை சீக்கிரம் பிடித்துவிடும். எந்த இடத்தில் எவ்வளவு என்று சாக்பீஸால் தரையிலேயே குறித்து வையுங்கள். பாகம் வாங்கும்போது இந்தக் குறிப்புதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

அடுத்து கிங்பின். ஆக்சிலின் அடியில் ஜாக்கி கொடுத்து ஒரு சக்கரத்தைத் தூக்குங்கள், தாங்கு ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கை வையுங்கள். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை. மேலே தள்ளி, கீழே இழுத்து ஆட்டுங்கள். கிங்பின்னில் கால் மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும், சக்கரத்தின் உயரத்தில் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெருகித் தெரியும்.

ஆனால் ஆடுவது கிங்பின்னா, சக்கர பேரிங்கா? இரண்டும் ஒரே மாதிரிதான் ஆடும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. உதவியாளரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்தால் சக்கரமும் ஸ்டப் ஆக்சிலும் ஒன்றாகக் கட்டுண்டுவிடும். அப்போது ஆட்டம் நின்றால் பேரிங்கில் இருந்தது, நிற்காவிட்டால் கிங்பின்னில் இருக்கிறது. பேரிங் என்றால் பெரும்பாலும் நட்டைச் சரியாக இறுக்கிப் புது ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் பிளவு ஊசி) போட்டாலே தீர்ந்துவிடும். கிங்பின் என்றால் வேலை இருக்கிறது.

கிங்பின் வேலையை வீட்டில் செய்யலாமா? கழற்றுவதைச் செய்யலாம், பொருத்துவதைப் பட்டறையில் விடுங்கள். கிங்பின்னை ஆக்சிலோடு பிடிப்பது குறுக்கே செல்லும் ஒரு பூட்டு போல்ட். அதன் நட்டைக் கழற்றி, போல்ட்டைத் தட்டி வெளியே எடுக்காமல் கிங்பின்னை அடித்தால், என்ன சுத்தியலாக இருந்தாலும் வராது. பல வருடத் துருவில் பிடித்துக்கொண்டிருக்கும். துரு எண்ணெய் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். அவசரப்பட்டு ஆக்சிலைக் கேஸ் விளக்கால் செந்தழலாகக் காய்ச்சாதீர்கள். அது அடித்து உருவாக்கிய எஃகு, அந்தச் சூட்டில் அதன் வலு போய்விடும்.

இங்கே மாடல் ஏ-க்கே உரிய ஒரு விஷயம் உண்டு. இதன் கிங்பின் உள்ளே துளையுள்ளது, அந்தத் துளை வழியாகத்தான் முன் பிரேக்கை இயக்கும் ஊசி இறங்குகிறது. இதில் எண்ணெய் பிரேக் கிடையாது, எல்லாம் தண்டும் நெம்புகோலும்தான். அதனால் கிங்பின்னைத் தொட்டால் முன் பிரேக்கையும் தொட்டதாகவே அர்த்தம். அந்த ஊசியும் தேய்ந்து குட்டையாகியிருந்தால் பிரேக் மிதி பாதி தூரம் வெறுமனே போகும். இதையும் சேர்த்து மாற்றி, வேலை முடிந்ததும் பிரேக்கை முழுவதுமாக மறுபடி செட் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் சாலையில் இறக்காதீர்கள்.

கழற்றிய கிங்பின்னைத் துடைத்து, நீளவாக்கில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். புஷ் உட்கார்ந்த இடத்தில் நகம் படியேறினால் அது போய்விட்டது. புதிய பின்னின் விட்டம் 0.8125 அங்குலம், அதாவது 13/16. கிங்பின்னை மட்டும் மாற்றி புஷ்ஷை விட்டுவைப்பதோ, புஷ்ஷை மட்டும் மாற்றுவதோ வேண்டாம். விலை மிச்சமாகாது, அதே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுப்பீர்கள். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

புதிய புஷ்ஷை அழுத்திப் பொருத்திய பிறகு அதன் துளை கொஞ்சம் சிறியதாகிவிடும். அதை ரீமர் (துளையைச் சுரண்டி அளவுக்குக் கொண்டுவரும் கத்தி) கொண்டு அளவாக்க வேண்டும். இதில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "மேலும் கீழும் ஒரே நீள ரீமரில் ஒன்றாகவா ஓட்டுவீர்கள்?" தனித்தனியாக ஓட்டினால் இரண்டு துளையும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. பின் சிக்கிக்கொண்டு உள்ளே போகும், ஸ்டியரிங் கல்லாக இருக்கும். சில மாதத்தில் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து மறுபடி ஆட ஆரம்பிக்கும். சரியாக அமைந்த புஷ்ஷில், எண்ணெய் தொட்ட கிங்பின் கட்டைவிரல் அழுத்தத்தில் இறங்கும். தானாக விழாது, பக்கவாட்டில் ஆடாது. அந்த இடைவெளி ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அங்குலம்தான்.

புஷ்ஷைப் பொருத்தும்போது லேத்துக்காரர் பக்கத்திலேயே நில்லுங்கள், அதற்கு ஒரு காரணம் உண்டு. புஷ்ஷில் ஒரு சிறிய ஓட்டை இருக்கும், அது ஸ்டப் ஆக்சிலில் உள்ள கிரீஸ் நிப்பிளின் (கிரீஸ் ஏற்றும் முனை) ஓட்டையோடு நேராகச் சேர வேண்டும். அரைச் சுற்று மாறிப் பொருத்தினால், வெளியிலிருந்து பார்க்க எல்லாம் அழகாக இருக்கும். நீங்களும் மாதாமாதம் கிரீஸ் அடிப்பீர்கள், ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. பின்னைப் போடும் முன், நிப்பிள் ஓட்டை வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு அது புஷ்ஷுக்குள் எட்டிப் பார்க்கிறதா என்று கவனித்துவிடுங்கள்.

ஆக்சிலின் துளையே பெருத்திருந்தால்? புது பின் போட்டும் துளைக்குள் ஆடும். யாராவது நடுவில் தகரம் செருகி அனுப்பப் பார்ப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். துளையைக் கடைந்து பெரிதாக்கி அளவு கூடிய பின் போடலாம், அல்லது உள்ளே எஃகுக் குழல் இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். இரண்டுமே நல்ல லேத் பட்டறையின் வேலை.

ஸ்டப் ஆக்சிலின் கீழ்க்காலுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே த்ரஸ்ட் பேரிங் (மேலிருந்து வரும் எடையைத் தாங்கும் பேரிங்) ஒன்று இருக்கும். வண்டியின் முன் எடை அதன் மேல்தான். அது மணல் அரைப்பது போலச் சுழன்றால் மாற்றிவிடுங்கள், விலை பெரிதல்ல. மேலே மிச்சமிருக்கும் இடைவெளியை மெல்லிய ஷிம் வளையம் போட்டு எடுத்துவிடலாம்.

இனி குண்டுகள். டிராக் லிங்க்கின் முனையில் ஸ்பிளிட் பின்னை எடுத்து, மூடித் திருகைக் கழற்றினால் உள்ளே கிண்ணமும் ஸ்பிரிங்கும் இருக்கும். கறுத்த பழைய கிரீஸைத் துணியால் வழித்துவிட்டு, குண்டை வெர்னியரில் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டியது, இழுவிசை விழும் திசையில் முட்டை போலச் சப்பியிருக்கும். அப்படியானால் புதிய கிண்ணமும் ஸ்பிரிங்கும் போட்டுப் பயனில்லை. நேரான நிலையில் டைட்டாகவும், திருப்பும்போது இறுகியும் தளர்ந்தும் மாறி மாறி நிற்கும்.

சப்பிய குண்டை வெல்டிங் வைத்துக் கடைந்துவிடலாமே? எல்லோரும் கேட்பது இது. செய்பவர்கள் இருக்கிறார்கள், நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஊக்குவிக்க மாட்டேன். அந்தக் குண்டின் கழுத்து முறிந்தால் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை. புதிய கை (குண்டோடு சேர்ந்த பாகம்) கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது. வேறு வழியே இல்லாமல் வெல்டிங் செய்தால், அதன் பிறகு சாயச் சோதனை செய்யுங்கள். பாகத்தைச் சுத்தம் செய்து சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தெளிப்பார்கள். மயிரிழைக் கீறல் இருந்தால் சிவப்புக் கோடாக எழும். தொழிற்பேட்டைகளில் இந்தச் சோதனை சாதாரணமாகச் செய்கிறார்கள். கிங்பின் வேலைக்குக் கழற்றும்போதே ஸ்டப் ஆக்சில், பிட்மேன் ஆர்ம் இரண்டையும் இதற்குக் கொடுத்துவிடுங்கள். தொண்ணூறு வருட இரும்பு, கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

திரும்ப மாட்டும்போது மூடித் திருகை எவ்வளவு இறுக்குவது? ஸ்பிரிங் அமுங்கும்வரை முடுக்கி, ஸ்பிளிட் பின் நுழையும் அடுத்த ஓட்டை வரை பின்னுக்குத் திருப்புங்கள். முட்ட இறுக்கி வைத்தால் குண்டு திரும்பாது, சீக்கிரம் தேயும். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். டீக்குடிக்கும் காசுக்குக் கிடைக்கும் பொருள் அது.

விஷ்போனை எப்படிப் பார்ப்பது? வண்டியை மெதுவாக நகர்த்திப் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கத்தில் 'தொப்' என்று ஒரு சத்தம் வந்தால், பின்முனைக் குண்டைச் சந்தேகியுங்கள். குண்டு லூசானால் ஆக்சில் முழுவதுமே முன்னும் பின்னும் நகரும். விஷ்போனின் முன்கால்கள் ஆக்சிலில் மாட்டும் இடத்தையும் பாருங்கள், அங்கே நட்டு இறுகியிருந்தும் கவட்டை பெருத்துப் போய் ஆடுவதுண்டு. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். இந்தக் காரின் முன் பட்டை ஸ்பிரிங் குறுக்குவாக்கில் இழுவிசையோடு மாட்டியது. அதற்கான விரிப்புக் கருவி இல்லாமல் ஸ்பிரிங்கின் முனைகளைக் கழற்றினால், தெறித்து எலும்பை முறிக்கும். கிங்பின் மாற்ற ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டியதில்லை.

இத்தனையும் முடிந்த பிறகும் கையில் ஆட்டம் மிச்சம் இருக்கிறதா? இப்போது ஸ்டியரிங் பெட்டிக்கு வரலாம். டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டுத்தான் பெட்டியைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தின் எடை உங்கள் கையை ஏமாற்றும். முதலில் திருகுப் பல்லின் மேல்கீழ் ஆட்டம், அடுத்து விசிறிப் பல்லின் பக்கவாட்டு ஆட்டம், கடைசியில்தான் இரண்டு பல்லும் கடிக்கும் நெருக்கம். வண்டி நேராக ஓடும் நேரமே அதிகம் என்பதால் பல் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடுவில் ஆட்டத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டால் இரு ஓரத்திலும் இறுகிக்கொள்ளும். ஓரத்தில் இறுகாத அளவுக்கு நடுவில் கொஞ்சம் விட்டு வையுங்கள். ஸ்டியரிங் விளிம்பில் ஓர் அங்குல ஆட்டத்தோடு வாழலாம்.

பெட்டிக்குள் கிரீஸா, ஆயிலா? ஒழுகுகிறது என்று பலர் கிரீஸை அடைத்துவிடுகிறார்கள். பல் சுழலும்போது கிரீஸ் இரு பக்கமும் ஒதுங்கி அங்கேயே நின்றுவிடும், திரும்பி வராது. பல் காய்ந்து ஓடும். இந்தப் பெட்டிக்குத் தேவை கெட்டியான கியர் ஆயில். நம் கடைகளில் கிடைப்பதில் 140 தரம் இதற்கு நெருக்கமானது. கொஞ்சம் ஒழுகட்டும், அவ்வப்போது பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து சக்கரங்களின் கோணம். அலைன்மென்ட் கடைக்குப் போனால் கேம்பர், கேஸ்டர், டோ-இன் என்று மூன்று சொல்வார்கள். கேம்பர் (சக்கரம் மேலே வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது) இந்த வண்டியில் சுமார் 2 டிகிரி. கேஸ்டர் (கிங்பின்னின் தலை பின்பக்கம் சாய்ந்திருப்பது) சுமார் 5 டிகிரி. இவற்றைத் திருகிச் சரிசெய்ய எந்த இடமும் கிடையாது, ஆக்சிலும் விஷ்போனும் எப்படி இருக்கின்றனவோ அப்படித்தான். அளவு தப்பியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று பொருள். வளைந்த ஆக்சிலைக் குளிர்ந்த நிலையில் பிரஸ்ஸில் வைத்துத்தான் நிமிர்த்த வேண்டும்.

உங்கள் கையில் இருப்பது டோ-இன் (இரு சக்கரத்தின் முன் விளிம்புகளும் பின் விளிம்புகளைவிடச் சற்று நெருங்கியிருப்பது) மட்டும். மாடல் ஏ-க்கு அது 1/16 அங்குலம், ஒன்றரை மில்லிமீட்டர்தான். வீட்டிலேயே அளக்கலாம். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ஓடும் டயர் நடுவில் ஓர் ஆணி முனையால் மெல்லிய கோடு போடுங்கள். மறுபக்கத்துக்கும் அப்படியே. வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டடி முன்னே தள்ளி நிறுத்துங்கள். சக்கர மையத்தின் உயரத்தில் கோட்டுக்குக் கோடு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். டை ராடின் முனையைத் திருகி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆட்டம் எல்லாம் எடுத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். லூசான குண்டுகளை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்ததற்குக் கொடுத்த காசு வீண்.

உதறல் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் அதன் முன் சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காரிலும் கிட்டத்தட்ட அதுவேதான். கேஸ்டர் சாய்வு சக்கரத்தை நேருக்கு இழுக்கிறது, ஆட்டம் இருப்பதால் சக்கரம் நேரைத் தாண்டி மறுபக்கம் போகிறது, மறுபடி இழுக்கிறது. ஒருமுறை தொடங்கினால் வண்டி கிட்டத்தட்ட நிற்கும்வரை விடாது. அப்படி நடந்தால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். உறுதியாகப் பிடித்துக்கொண்டு, வேகத்தைச் சீராகக் குறைத்து ஓரம் கட்டுங்கள். டயர் காற்றையும் பாருங்கள், இந்த வண்டிக்கு 35 பவுண்டு. இடவலம் வேறுபட்டிருந்தாலே உதறும்.

"ஸ்டியரிங் டேம்பர் (உதறலை அமுக்கும் ஷாக் அப்சார்பர் போன்ற குழல்) ஒன்று மாட்டினால் போதும் என்கிறார்களே?" உதறல் நிற்கும். தேய்மானம் நிற்காது. உங்களை எச்சரிக்கும் ஒரே அறிகுறியையும் அது அமுக்கிவிடும். எல்லாம் சரிசெய்த வண்டிக்குக் கூடுதலாக மாட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்த வேலைக்கு யாரிடம் போவது? இன்றைய கார் சர்வீஸ் சென்டரில் கிங்பின்னைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இன்றும் குறுக்கு ஆக்சிலும் கிங்பின்னும்தான். நாமக்கல், சங்ககிரி, கரூர் பக்கம் லாரி முன் ஆக்சில் வேலையே தொழிலாகச் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. புஷ் இறக்குவது, நீள ரீமர் ஓட்டுவது, ஆக்சிலைக் குளிர நிமிர்த்துவது எல்லாம் அவர்களுக்கு அன்றாட வேலை. உங்கள் ஆக்சில் அவர்களுக்குப் பொம்மை மாதிரி தெரியும், அவ்வளவுதான். அளவுகள் அங்குலத்தில் என்பதை முன்கூட்டியே சொல்லி, எழுதியும் கொடுத்துவிடுங்கள். கோவைப் பக்கம் இருந்தால் லேத் வேலைக்குக் கவலையே இல்லை.

வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைக்கும்போது ஓர் எச்சரிக்கை. கிங்பின், புஷ், கிண்ணம், ஸ்பிரிங் போன்றவற்றில் பிரச்சினை வராது. ஸ்டியரிங் பெட்டியின் பாகங்களும், டிராக் லிங்க் பிடிக்கும் கையும் வேறு. அங்கே விற்பவை பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கானவை. உங்கள் வண்டி வலப்பக்கம் என்பதையும், பெட்டி ஏழு பல்லா இரண்டு பல்லா என்பதையும் படத்தோடு சொல்லிவிட்டு ஆர்டர் போடுங்கள்.

"இவ்வளவு எதற்கு, புது ஜீப்பின் ஸ்டியரிங் பெட்டியைப் பொருத்திவிடலாமே?" பொருத்த முடியும். ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 வயதைத் தாண்டிய வண்டியைப் பழங்கால வாகனமாகப் பதிவு செய்ய, அது மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. பெட்டியைப் பொருத்த சேசிஸில் வெட்டி ஒட்டினால் அங்கே கேள்வி எழும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், எண்ணில் 'வி ஏ' என்ற எழுத்துகள், பத்து ஆண்டு செல்லுபடி. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது. அவ்வளவு குறைவாக ஓடும் வண்டிக்கு மூலப் பாகங்களே தாராளம் என்பது என் எண்ணம்.

வேலை முடிந்து வண்டி வெளியே வந்ததும் முதலில் காலியான சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், எங்கேயும் பிடிக்கக் கூடாது. வளைவிலிருந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வர வேண்டும். புதிய புஷ்ஷில் கொஞ்ச நாள் இறுக்கமாக இருக்கும், அது படிந்துவிடும். நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அடியில் போய், கழற்றிய ஒவ்வொரு நட்டையும் ஸ்பிளிட் பின்னையும் தொட்டுப் பாருங்கள், டோ-இன்னையும் அளந்துவிடுங்கள்.

அதன் பிறகு வேண்டியது கிரீஸ். ஃபோர்டு அன்று சொன்ன கணக்கு 500 மைலுக்கு ஒருமுறை, சுமார் 800 கிலோமீட்டர். வருடத்தில் அவ்வளவு ஓடாத வண்டி என்றாலும் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அடித்துவிடுங்கள். அடிக்கும் முன் நிப்பிளைத் துடையுங்கள், இல்லாவிட்டால் அதன் தலையிலிருக்கும் மண்ணைத்தான் முதலில் உள்ளே தள்ளுவீர்கள். கிங்பின்னுக்கு அடிக்கும்போது ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் தரையிலிருந்து விடுவித்துக்கொள்ளுங்கள். எடை இறங்கினால்தான் த்ரஸ்ட் பேரிங் பக்கம் கிரீஸ் போகும். பழைய கறுப்பு வெளியேறி, மேலும் கீழும் புதிய கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்து மறுபக்கம் வரவில்லையென்றால், அந்தப் பக்கத்து நிப்பிளைக் கழற்றி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள்.